நாலாம் லேனின் இடது பக்கம்

பௌலிங் சென்டரில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில், "நான் சரியா ஆடல, அதான் தோத்துட்டேன்" என்று ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. ஷூ வழுக்கியது, பந்தின் ஓட்டை கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது, ஏசி காற்று முதுகில் அடித்தது, பக்கத்து லேன்காரர் தும்மினார். இதில் எதுவும் எடுபடாவிட்டால் கடைசியாக ஒன்று கைவசம் இருக்கும்: "லேன் சரியில்ல." பந்து உருண்டு போகும் பலகைப் பாதைதான் லேன். ஆனால் அங்கே லேன் என்றால் நான்தான். லேன் மெக்கானிக் அருள்தாஸ்.

ஓய்வு பெற்ற பிறகு போன மாதம் அங்கே ஒரு நடை போயிருந்தேன். லேனுக்கு எண்ணெய் போடப் புதிதாக ஒரு ஆயில் மெஷின் வந்திருக்கிறது. எந்த லேனில், எந்தப் பலகையில் எவ்வளவு எண்ணெய் விழுந்தது என்று திரையில் காட்டுகிறது. எண்ணெய் வரவில்லை என்றால் நின்று கத்துகிறது. என்னைவிட நல்ல மெஷின். இதில் எனக்கு வருத்தம் ஏதும் கிடையாது. முட்டிவலி உள்ள எவனும் அதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவான்.

அங்கே இப்போது மெக்கானிக்காக இருக்கும் சுகன்யா கேட்டாள்: "சார், மத்த நாள்ல ஆளுக்கு ஒரு லேன்ல ஆடறாங்க. ஃபைனல்னா மட்டும் எதுக்கு மாத்தி மாத்தி ரெண்டு லேன்லயும் ஆட வெக்கணும்னு ரூல் வெச்சுக்கீறாங்க? யாரு கொண்டாந்தது?"

"என் புண்ணியத்துல வந்ததும்மா" என்றேன். எழுதித் தரச் சொன்னாள். எழுதுகிறேன்.

நான் முதலில் ஒரகடத்தில் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பிரஸ் மெஷினில் எண்ணெய் ஒழுகினால் நிறுத்துவது என் வேலை. அந்தப் பக்கம் வெளிநாட்டுப் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்க ஆரம்பித்தபோது, அவர்களை நம்பி நெடுஞ்சாலை ஓரத்தில் ஆறு லேன் போட்டு ஒரு பௌலிங் சென்டர் திறந்தார்கள். மெஷின் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். மெஷின் எதுவானால் என்ன என்று போய்ச் சேர்ந்தேன். சென்னையில் இரண்டு வாரப் பயிற்சி. முதல் வாரம் முழுக்க லேனில் கால் வைத்து வழுக்கி விழுந்தேன். இரண்டாம் வாரம் ஏன் விழுந்தேன் என்று புரிந்தது. எண்ணெய் ஒழுகாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கியவனுக்கு, அன்று முதல் எண்ணெய் ஊற்றுவதற்குச் சம்பளம்.

வெளியாள் பலருக்கு இது தெரியாது. லேன் பளபளவென்று இருப்பதைப் பார்த்து மெழுகு பூசியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். பந்தை விடும் கோட்டிலிருந்து, சாய்க்க வேண்டிய பத்துக் கட்டைகளில் முதலாவது, அதாவது முதல் பின் வரைக்கும் அறுபது அடி. அதில் முதல் நாற்பது அடிக்கு மெல்லிசாக எண்ணெய். நடுவில் கூடுதல், ஓரங்களில் குறைச்சல். கடைசி இருபது அடி காய்ந்த தரை. ஈரத்தில் சறுக்கிக்கொண்டு போகிறவனுக்குக் காய்ந்த இடம் வந்ததும் கால் பிடிக்கிறதே, அதேதான் பந்துக்கும். எண்ணெயில் வழுக்கும், காய்ந்த இடத்தில் தரையைப் பிடித்து வளையும்.

பந்திலும் இரண்டு ஜாதி உண்டு. சென்டரில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்து எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய நேராகப் போகும். அதற்கு மானம், ரோஷம் எதுவும் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் சொந்தமாக வாங்கி வரும் ரெசின் பந்து அப்படி இல்லை. வீட்டு மாப்பிள்ளை மாதிரி. எண்ணெய் இருக்கும்வரை பேசாமல் போகும். உபசாரம் குறைந்தது தெரிந்தால் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இன்னொரு சங்கதி, இந்த ரெசின் பந்து உருளும்போதே லேனின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விடும். காலையில் அழகாக வளைந்த பந்து, பத்து ஆட்டம் முடிந்ததும் பாதி வழியிலேயே வளையும். ஆடுகிறவர் இரண்டு பலகை தள்ளி நின்று போட்டால் சரியாகிவிடும். ஆனால் தள்ளி நிற்பதற்கு மனசு வர வேண்டுமே.

அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசரான சரவணனுக்கு அந்த மனசு வந்ததே இல்லை. சக்கரம் வைத்த பையில் சொந்தப் பந்து இரண்டு, மணிக்கட்டுக்கு ஒரு கவசம், துடைக்க மூன்று துண்டு என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவார். நன்றாகத்தான் ஆடுவார். மதியம் ஆனதும் என்னைக் கூப்பிடுவார்.

"இன்னா தாஸு, லேன் போங்கு காட்டுது?"

"ரெண்டு பலகை இடது பக்கமா தள்ளி நில்லுங்க சார்."

"நான் எதுக்குய்யா நவுரணும்? அஞ்சு வருஷமா இதே எடத்துல நின்னு போடறேன். நீ லேனைச் சரி பண்ணு."

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மேனேஜர் கோதண்டராமன் சார் வந்து சேர்வார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். அவர் குடும்பம் தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருந்தது. இவர் மட்டும் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவுக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வந்தவர். நெற்றியில் நாமம், இன் செய்த சட்டை, பையில் மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூட அவர் பந்தைத் தொட்டு ஆடியதில்லை. ஆனால் அவரைவிட லேன் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. யார் என்ன புகார் சொன்னாலும் மறுக்கமாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார். "அப்படியா?" என்பார். உடனே போய்ப் பார்ப்பார். சரவணன் புகாருக்கும் "அப்படியா?" என்று போய்க் குனிந்து, கைக்குட்டையால் பந்தை ஒரு சுற்றுத் துடைத்து, அதில் ஏறிய எண்ணெயை அவரிடமே காட்டுவார். "உங்க பந்து நல்லா சாப்பிட்டிருக்கு சார்." சரவணனுக்கு அது பாராட்டா கிண்டலா என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்கும்தான்.

அவர் ஏற்படுத்திய முறை இது. காலை பத்து மணிக்குத் திறப்பதற்கு முன் நான் ஒவ்வொரு லேனிலும் மெஷினை ஓட்ட வேண்டும். அது முதலில் பழைய எண்ணெயை வழித்துத் துடைத்துவிட்டு, பின்னாலேயே புது எண்ணெய் போட்டுக்கொண்டு போகும். பிறகு காலில் சாக்ஸோடு லேனில் மண்டியிட்டு இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் வெள்ளைத் துணியால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் தாளில் 'சரி' என்று எழுத வேண்டும். ஆறு லேனுக்குப் பதினெட்டுச் 'சரி'. நான் எழுதிய பிறகு அவர் கையெழுத்துப் போடுவார். "எழுதினதைப் பார்க்கக் கூடாது தாஸ், பார்த்ததை எழுதணும்" என்பார். வருஷக்கணக்கில் பதினெட்டுச் 'சரி' எழுதினால் என்ன ஆகும் என்பதுதான் இனி வரும் கதை.

ஜெசிந்தா வடக்குப்பட்டில் இருந்தாள். ஒயரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் பங்குக் கோயிலில், அதாவது சர்ச்சில், பாடல் குழுவில் பாடுவாள், அதனால் முன்பே தெரியும். கம்பெனி குடும்ப விழா ஒன்றுக்காக எங்கள் சென்டருக்கு வந்தவள், குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் பந்தை எடுத்து இடது கையால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டாள். ஒன்பது பின் விழுந்தது. பக்கத்து லேனில் ஆடிக்கொண்டிருந்த கொரியப் பொறியாளர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஆறு மாதம் கழித்து அவர் ஊருக்குத் திரும்பும்போது தன் ரெசின் பந்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வலது கைக்குத் துளைத்த பந்து. சென்னையில் ஒருவரிடம் பழைய துளைகளை அடைத்து, அவள் விரலுக்கு அளவெடுத்துப் புதிதாகத் துளைத்து வாங்கினோம்.

இடது கைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. பந்து வளைந்து வர வேண்டிய பக்கம் அவர்களுக்கு லேனின் இடது ஓரம். அந்தப் பக்கம் வேறு யாரும் ஆடுவதில்லை என்பதால் எண்ணெய் அப்படியே இருக்கும். "தனி ரோடு போட்டுக் குடுத்துக்கீறாங்க அந்தப் பொண்ணுக்கு" என்று சரவணன் புலம்புவார்.

கம்பெனிகளுக்கு இடையேயான போட்டி வந்தது. ஜெசிந்தா படிப்படியாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். எதிரில் சரவணன். ஒரே ஆட்டம், சரவணனுக்கு மூன்றாம் லேன், ஜெசிந்தாவுக்கு நாலாம் லேன். ஆட்டத்துக்கு முன் அவள் கம்பெனி ஹெச்.ஆர். அதிகாரி என் காதுபடவே அவளிடம் சொன்னார்: "பர்மனெண்ட் ஆளுங்க எத்தினியோ பேர் கேட்டாங்க. கான்ட்ராக்ட்டுல கீற உன்ன அனுப்பிக்கீறேன். சொதப்பினா அடுத்த தபா பேரு வராது, பாத்துக்கோ."

மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். அதற்குமுன் இரண்டு லேனுக்கும் புதிதாக எண்ணெய் போட வேண்டும். மூன்றாம் லேனை முடித்தேன், மூன்று இடமும் தொட்டுப் பார்த்தேன், எழுதினேன். மெஷினைத் தூக்கி நாலாம் லேனில் வைத்து ஓட்டினேன். முடியும் நேரத்தில் வாசலில் பரபரப்பு. சிறப்பு விருந்தினரான கொரிய டைரக்டர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். "தாஸ், நாற்காலி! மைக்!" என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். நான் மண்டியிடவில்லை. நின்றபடியே நாலாம் லேனுக்கு நேராக 'சரி, சரி, சரி' என்று எழுதி நீட்டினேன். மாலையை வாங்கிக்கொண்டிருந்த கோதண்டராமன் சார் மறு கையால் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் ஒன்றாம் லேனில் கை பழகிவிட்டு வந்தார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. நான் பின்கள் இருக்கும் பக்கம், மெஷின்களுக்கு நடுவே என் இடத்துக்குப் போய்விட்டேன்.

ஜெசிந்தாவின் முதல் பந்து நடுப் பின்னைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிவிட்டது. பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படியே. ஒரு ஆட்டத்தில் ஆளுக்குப் பத்து முறை, பத்து ஃப்ரேம்; ஐந்தாவது ஃப்ரேமுக்குள் அவள் நாற்பது பாயிண்ட் பின்தங்கிவிட்டாள். தள்ளி நின்று பார்த்தாள், மெதுவாகப் போட்டுப் பார்த்தாள், வேகமாகவும் போட்டாள். பந்து மாத்திரம் பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் குறுக்கே கடக்கிறவன் மாதிரி வலது பக்கம் பாய்ந்துகொண்டே இருந்தது.

அவள் பந்து பின்பக்கம் வந்து, மேலே ஏறித் திரும்பிப் போகும் வழியில் என் முன்னால் உருண்டது. அப்போதுதான் கவனித்தேன். புது எண்ணெயில் ஓடிவந்த பந்தைச் சுற்றி வளையல் மாதிரி ஈரக்கோடு இருக்கும். இதில் இல்லை. கையில் எடுத்துத் துணியால் துடைத்தேன். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

மெஷினை நிறுத்தி வைத்திருந்த இடத்துக்கு ஓடினேன். அதன் அடியில் கைக்குட்டை அளவுக்கு எண்ணெய் தேங்கியிருந்தது. மூன்றிலிருந்து நாலுக்குத் தூக்கி வைத்தபோது இடது பக்கக் குழாய் எங்கோ பட்டுக் கழன்றிருக்கிறது. பழைய எண்ணெயை ஒட்டத் துடைத்துவிட்டு, நாலாம் லேனின் இடது பக்கம் மட்டும் புது எண்ணெய் போடாமல் போயிருக்கிறது மெஷின். பந்து வழுக்க வேண்டிய இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. ரெசின் பந்து அங்கே வளையாமல் என்ன செய்யும்?

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நின்றுவிட்டேன். சென்டரில் அன்று இடது கைக்காரி அவள் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காவிட்டால் இது ஒரு ஜீவனுக்கும் தெரியாது. சொன்னால் டைரக்டர் முன்னால் ஆட்டம் நிற்கும், தாளில் நான் எழுதிய மூன்று 'சரி'யும் பல்லிளிக்கும். போதாததற்கு அவளும் நானும் ஒரே கோயில். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது எனக்கே தெரியும். ஏசி குளிர்ச்சியில் எண்ணெய் இறுகியிருக்கும், ஒருவேளை அவள் கைதான் சரியில்லையோ என்றெல்லாம் யோசித்தேன். வருஷக்கணக்கில் ஆட வந்தவர்கள் சொன்ன சாக்குகளைக் கேட்டுச் சிரித்தவன், அவர்கள் ஒருவருக்கும் தோன்றாத சாக்குகளை மூன்று நிமிஷத்தில் தயாரித்துவிட்டேன். அதற்குள் அவளுடைய இன்னொரு பந்து வந்தது. அதுவும் அப்பளம்.

நான் முன்பக்கம் போனேன்.

"சார், நாலாம் லேன்ல இடது பக்கம் எண்ணெயே இல்ல. குழாய் கழண்டிருக்கு. நான் தொட்டுப் பாக்காம சரின்னு எழுதிட்டேன்."

கோதண்டராமன் சார் என்னை ஒரு கணம் பார்த்தார். "அப்படியா?"

ஷூவைக் கழற்றினார். சாக்ஸோடு லேனில் இறங்கி, கோட்டுக்கு அப்பால் பத்து அடி தள்ளி மண்டியிட்டு, கைக்குட்டையைத் தரையில் வைத்து இழுத்தார். நாமம் போட்ட மனிதர் இப்படித் தரையைத் தொட்டுக் குனிவதைப் பார்த்த டைரக்டர், ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார். அவரைப் பார்த்து முன்வரிசை முழுக்க எழுந்தது.

சார் கைக்குட்டையை உதறிக்கொண்டு வந்தார். "தப்பு லேன்ல. ஆடறவங்க மேல இல்ல. ரெண்டு லேனுக்கும் மறுபடி எண்ணெய் போட்டு, ஆட்டம் முதல்லேர்ந்து."

சரவணன் பாய்ந்து வந்தார். "இன்னா சார் இது? நாப்பது பாயிண்ட்டு முன்னாடி கீறேன்! இவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்தாரு இவரு? அந்தப் பொண்ணு தோக்கறப்பதான் லேன்ல எண்ணெய் இல்லன்னு கண்ணு தெரிஞ்சுதா? ரெண்டு பேரும் ஒரே சர்ச்சு, எல்லாருக்கும் தெரியும்!"

கூட்டத்தில் நாலைந்து பேர், "கரீட்டுதானே?" என்றார்கள். ஜெசிந்தா பந்து வரும் இடத்தருகே கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

கோதண்டராமன் சார் குரலை உயர்த்தவே இல்லை. "சரவணன் சார், நாலாம் லேன்ல நீங்களே ரெண்டு பந்து போடுங்க. உங்க பந்துலயே. ஒண்ணு வலது பக்கம், ஒண்ணு இடது பக்கம்."

சரவணன் முறைத்துக்கொண்டே வலது பக்கம் போட்டார். பந்து வழுக்கிப் போய்க் கடைசியில் அழகாக வளைந்து எட்டுப் பின்னைச் சாய்த்தது. திரும்பி வந்த பந்தைச் சார் கைக்குட்டையால் துடைத்து விரித்துக் காட்டினார். எண்ணெய்க் கறை. பிறகு இடது பக்கம் போட்டார். பதினைந்து அடி போவதற்குள் பந்து தரையைப் பிடித்து, திரும்பி, இடது ஓரத்துப் பள்ளத்தில் தொபக்கென்று விழுந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. அந்தப் பந்தைக் கைக்குட்டையின் மறு மூலையால் துடைத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

சரவணன் அந்த வெள்ளை மூலையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"போடுங்க சார் எண்ணெய்ய" என்றார் கடைசியில். "இந்த லேன்ல ஜெயிச்சு கப்பு தூக்கினு போனா எங்க ஷாப்ல பசங்க என்னை வெச்சு செஞ்சுருவானுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "சர்ச்சு பத்தி சொன்னது... உட்டுருய்யா" என்றார்.

குழாயை மாட்டி, இரண்டு லேனையும் துடைத்து எண்ணெய் போட முக்கால் மணி நேரம் ஆனது. டைரக்டர் அதற்குள் நாலு டீ குடித்தார். இந்தத் தடவை சார் எனக்குப் பின்னாலேயே மண்டியிட்டு வந்து ஆறு இடத்தையும் தானும் தொட்டார்.

ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. ஜெசிந்தாவின் பந்து இப்போது வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கி, வளைய வேண்டிய இடத்தில் வளைந்தது. ஒருவரை ஒருவர் விடாமல் துரத்தினார்கள். பின்பக்கம் என் வேலையை மறந்து எட்டி எட்டிப் பார்த்தேன். சரவணன் முடித்துவிட்டார். ஜெசிந்தாவுக்கு ஒரே ஒரு பந்து பாக்கி. எட்டுப் பின் விழுந்தால் கோப்பை.

ஐந்து விழுந்தது.

கதையில் என்றால் அவள் ஜெயித்திருப்பாள். லேனில் அப்படி நடக்கவில்லை. கை கொஞ்சம் முன்னாலேயே பந்தை விட்டுவிட்டது. இரண்டு பாயிண்டில் தோற்றாள். நான் அவளிடம் போய், "ஏசி காத்து கொஞ்சம் ஜாஸ்திதான் இன்னிக்கு" என்றேன்.

"சும்மா இருண்ணா" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். "மொதல்ல தோத்தப்ப எனக்கு ஆடவே தெரியலயோன்னு பயந்துட்டேன். இப்ப ஆடித் தோத்தேன். அது பரவால்ல."

மறுநாள் காலை கோதண்டராமன் சார் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். பார்க்காமல் எழுதியதற்கு விளக்கம் கேட்டு. எதிர்பார்த்ததுதான். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மேஜையில் இன்னொரு மெமோ இருந்தது. பார்க்காமல் கையெழுத்திட்டதற்கு விளக்கம் கேட்டு, மேனேஜர் கோதண்டராமனுக்கு மேனேஜர் கோதண்டராமன் எழுதியது. பெற்றுக்கொண்டதாக அதிலும் கையெழுத்து இருந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். "உங்க விளக்கத்தை முதல்ல கொடுங்க தாஸ். நான் அதைப் பார்த்து எழுதிக்கிறேன்" என்றார். அவர் விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றே ஜெசிந்தாவின் கம்பெனிக்கு அவர் ஒரு கடிதமும் அனுப்பினார்: முதலில் நிறுத்திய ஆட்டத்தில் தவறு எங்களுடையது, உங்கள் ஆட்டக்காரருடையது அல்ல என்று. அடுத்த வருஷப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இறுதி ஆட்டத்தில் இருவரும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் லேன் மாற்றி ஆட வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான், சுகன்யா. லேனில் குறை இருந்தால் இரண்டு பேருக்கும் சமமாக இருக்கட்டும் என்று.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, திறப்பதற்கு முன்பே ஜெசிந்தா வாசலில் நின்றாள். பந்துப் பை கையில்.

"அண்ணா, நாலாம் லேன்ல இடது பக்கம் எண்ணெய் போடாதே."

"இன்னாம்மா, கிண்டலா?"

"இல்லண்ணா, நெசமாத்தான். அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தோணல. அதே பந்தை வெச்சுகினு முட்டி முட்டி நின்னேன். அது மாதிரி லேன் இன்னொரு தபா வந்தா இன்னா பண்றதுன்னு தெரிஞ்சுக்கணும்."

சாரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். நான் செய்த தப்பை, இந்தத் தடவை ஸ்பேனர் வைத்துக் குழாயைக் கழற்றி, ஒழுங்காகச் செய்தேன்.

முதல் ஆறேழு பந்து அதே கதைதான். ரெசின் பந்து வலது பக்கம் பாய்ந்தது. அவள் இடுப்பில் கை வைத்து லேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரெசின் பந்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். அடுக்குக்குப் போய், தேய்ந்துபோன ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். துளை அவள் விரலுக்கு லொடலொடவென்று இருந்திருக்கும். கோட்டுக்கு வந்து, சுழற்றாமல், நேராக விட்டாள்.

காய்ந்த தரையில் அந்தப் பந்து எதையும் பொருட்படுத்தாமல் உருண்டது. கொஞ்சம்தான் வளைந்தது. நடுப் பின்னின் தோளில் போய் மோதியது. ஒன்பது பின் சரிந்தது. மூலையில் ஒன்று மட்டும் ஆடி ஆடி, விழாமல் நின்றது.

ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வுழுந்த ஒம்போதும் என்னுது" என்றாள். "நிக்குது பாரு ஒண்ணு, லேன் சரியில்ல, அது உன்னுதுண்ணா."